ஓடையோரம் மட்டும் ஏன் பச்சை?

கேள்வி: மகளைப் பார்க்க ஜேர்மனிக்குப் போயிருந்தபோது ஹார்ட்ஸ் மலைக்குக் கூட்டிப்போனார்கள். மலைச்சரிவு முழுக்க மரங்கள் பட்டை உரிந்து சாம்பல் நிறத்தில் கம்பம் கம்பமாக நிற்கின்றன. ஒரு சின்ன வண்டு செய்த வேலை என்றார் மருமகன். ஓடையோரத்தில் மட்டும் சில மரங்கள் பச்சையாக இருந்தன. வண்டு அங்கே போகாதா? மருந்து அடித்துக் காப்பாற்றியிருக்க முடியாதா? நம் கண்டி ஹந்தானை மலையின் பைனஸ் காட்டுக்கும் இது வருமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஓடையோரத்துக்கும் வண்டு போயிருக்கும், அந்த மரங்கள் உள்ளே விட்டிருக்காது. நீங்கள் பார்த்தவை ஸ்பிரூஸ் என்ற ஊசியிலை மரங்கள். வண்டு பட்டையைத் துளைத்ததும் நல்ல தண்ணீர் குடித்து நிற்கிற மரம் அந்த ஓட்டைக்குள் பிசினைத் தள்ளும், வண்டு அதிலேயே ஒட்டிச் செத்துப்போகும். தண்ணீர் இல்லாத மரத்திடம் அவ்வளவு பிசின் ஏது? ஸ்பிரூஸின் வேர் ஆழமாகப் போகாது, அதனால் மண் மெல்லிசாக உள்ள, வெயில் நேரே விழுகிற சரிவில் நிற்பவைதான் முதலில் வாடும்.

2018 ஜனவரியில் பெரும் புயல் அங்கே ஏராளமான மரங்களைச் சாய்த்தது. விழுந்த மரம் வண்டுக்குப் பிரசவ அறை மாதிரி. அந்தக் கோடையிலேயே கடும் வறட்சியும் வந்தது. வழக்கமாக வருஷத்துக்கு இரண்டு தலைமுறை பெருகுகிற வண்டு, சூடு நீண்டால் மூன்றாவதும் பெருகும். அப்படிப் பெருகிய பிறகு ஆயிரக்கணக்கில் ஒரே மரத்தில் ஏறினால் நல்ல மரமும் தாங்காது.

எனக்கு மனம் கனப்பது இங்கேதான்: அந்தச் சரிவுகளில் கீழ்ப்பகுதி ஸ்பிரூஸுக்கு உரிய இடமே இல்லை. அங்கே இயல்பாக வளர்வது பீச் (beech) என்ற அகன்ற இலை மரம். சீக்கிரம் வளரும், நேரான பலகை கிடைக்கும் என்று மனிதர்கள் வரிசை வரிசையாக ஸ்பிரூஸை நட்டார்கள், நெருக்கமாக, எல்லாம் ஒரே வயதில்.

நெருக்கமும் சின்ன விஷயம் இல்லை. தென் அவுஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் 1987 முதல் 1989 வரை சைரக்ஸ் என்ற மரக்குளவி 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பைன் மரங்களைக் கொன்றது, நெருக்கத்தைக் குறைக்க நேரத்துக்கு இடைமரம் வெட்டாத தோட்டங்களில்தான் அடி பலமாக விழுந்தது.

சரி, மருந்து? தாயும் புழுவும் பட்டைக்கு அடியில் இருக்கும்போது மேலே அடித்து என்ன பயன்? அடுத்த முறை போனால் விழுந்து கிடக்கிற பட்டைத்துண்டு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் நெட்டாக ஒரு தடம், இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி கிளைத் தடங்கள். நடுத்தடம் தாய் போட்டது, கிளைகள் ஒவ்வொன்றும் ஒரு புழு தின்று போன வழி. அச்சடித்ததுபோல் இருப்பதால் ஜேர்மன்காரர் இந்த வண்டுக்கே 'அச்சுக்காரன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மரத்தடியில் கோப்பித்தூள் மாதிரி பொடி தெரிந்த உடனே வெட்டி, புது வண்டு பறக்குமுன் காட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதுதான் அங்கே செய்கிற வைத்தியம்.

ஹந்தானையில் நிற்பது கரீபியன் பைன், வேறு இனம். அந்த வண்டு இலங்கையில் இல்லை. நம் பைனஸ் காடுகளுக்குப் பெரிய எதிரி வெயில் மாதங்களில் பிடிக்கிற தீ.