வார்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தால்: நர்ஸ்கள், டாக்டர்கள் கேட்டவையும் என் பதில்களும்

22 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். இப்போது கேஸ் ஷீட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் மருத்துவமனைகளில் பயிற்சி கொடுக்கிறேன். கேட்டவர்கள் எல்லோருக்கும் நன்றி.

அக்கா, எங்கள் வார்டில் ஐம்பது தாண்டிய சீனியர் சிஸ்டர்கள்தான் எதிர்க்கிறார்கள். வயசுதானே காரணம்?

வயசுக்குப் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்குதான். வேலையிடத்தில் புதுத் தொழில்நுட்பத்தை ஆட்கள் எப்படி ஏற்கிறார்கள் என்று ஆய்வாளர் விஸ்வநாத் வெங்கடேஷும் அவரோடு சேர்ந்தவர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ‘இது கஷ்டமாக இருக்குமோ’ என்ற தயக்கம் வயதில் மூத்தவர்களின் முடிவைக் கூடுதலாகப் பாதித்தது. பழகப் பழக அந்தத் தயக்கம் குறைந்துவிடுகிறது. உங்கள் சிஸ்டரிடம் என்ன பிடிக்கவில்லை என்று கேட்டீர்களா, தங்கச்சி? ஒருவர் என்னிடம் சொன்னார்: “பழைய டெம்பரேச்சர் சார்ட்டைத் தூக்கிப் பார்த்தால் மூன்று நாள் காய்ச்சல் ஏறி இறங்கியது ஒரே கோட்டில் தெரியும். இதில் ஒவ்வொரு நாளாகத் திறக்க வேண்டியிருக்கு.” முப்பது வருஷம் நோயாளியைப் பார்த்த கண் சொன்ன குறை அது. அந்தக் கோட்டைத் திரையில் கொண்டுவந்து கொடுத்த பிறகு, ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

மேடம், நான் ஐ.டி. பிரிவு. ஸ்கிரீனை ரொம்ப எளிமையாக்கிவிட்டோம், இரண்டு நாள் டிரெய்னிங்கும் கொடுத்தோம். ஆனாலும் யாரும் அப்போதைக்கப்போது பதிவதில்லை.

தம்பி, புதுத் தொழில்நுட்பத்தை ஏற்கலாமா என்று முடிவெடுக்க ஆட்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள் என்று 1989-இல் ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் சொன்னார்: இது என் வேலைக்கு உதவுமா, பயன்படுத்தச் சுலபமா. நீங்கள் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். 1999-இல் ஹாங்காங் டாக்டர்களிடம் தொலைமருத்துவம் பற்றி நடந்த ஆய்வில், பயன் இருக்கிறதா என்பதுதான் அவர்கள் மனசைத் தீர்மானித்தது. சுலபமா என்பது பெரிதாக எடுபடவில்லை. கஷ்டமான கருவிகளைக் கற்றே தொழிலுக்கு வந்தவர்கள் அவர்கள்.

ஒருநாள் நைட் டியூட்டியில் வந்து நில்லுங்கள். சிஸ்டர் பி.பி. பார்த்ததும் மைக்ரோபோர் பிளாஸ்டரைக் கிழித்துக் கோட் கையில் ஒட்டி, அதில் ‘7 – 150/90’ என்று பேனாவால் எழுதுவார். அடுத்த படுக்கைக்கு இன்னொரு துண்டு. கம்ப்யூட்டர் நர்சிங் ஸ்டேஷனில், வராந்தாவின் அந்தக் கோடியில் இருக்கிறது. விடிகாலை ஐந்தரைக்கு மேல் அந்தத் துண்டுகளைப் பார்த்துப் பார்த்து மொத்தமாக டைப் அடிக்கிறார். பிறகு டாக்டர் ரவுண்ட்ஸில் பேப்பர்தான் கேட்பார் என்று அதையே கேஸ் ஷீட்டிலும் எழுதுகிறார். ஒரே பி.பி.யை மூன்று தடவை எழுதும் ஒருவரிடம் ஸ்கிரீன் அழகாக இருக்கிறது என்று சொல்லி என்ன பயன்? தள்ளிக்கொண்டு போகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டரை டிராலியில் வைத்துக் கொடுங்கள். பேப்பரை எந்தத் தேதியில் நிறுத்துவீர்கள் என்றும் முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

சர்க்குலர் போட்டுக் கட்டாயமாக்கினால் தீர்ந்துவிடாதா?

லாஸ் ஏஞ்சலஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனை 2002 இறுதியில் அப்படித்தான் செய்தது, டாக்டர்கள் மருந்து ஆர்டரைத் தாங்களே கம்ப்யூட்டரில் போட வேண்டும் என்று. முன்பு ஒரு வரியில் எழுதியதற்கு நிமிடக்கணக்கில் ஆனது, எச்சரிக்கைப் பெட்டிகள் குறுக்கே வந்தபடி இருந்தன. நூற்றுக்கணக்கான டாக்டர்கள் எதிர்த்து நின்றதும், 2003 ஜனவரியில் அதை நிறுத்திவைத்தார்கள். பல கோடி டாலர் செலவழித்த திட்டம் அது.

எங்கள் சீஃப் கீபோர்டைத் தொடுவதே இல்லை. ஹவுஸ் சர்ஜன் நான்தான் அவர் லாகினில் எல்லாம் போடுகிறேன். இது சரியா, சிஸ்டர்?

சரியில்லை, டாக்டர். உங்கள் கை தவறினால் அவர் பெயரில் பதிவாகும், நோயாளிக்குத்தான் ஆபத்து. சீஃப் தொடாததை யூனிட்டே தொடாது. அவருக்கு எதில் ஆர்வமோ அதிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு சீஃப், தன் பழைய நோயாளிகளின் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) வருஷவாரியாக ஒரே திரையில் வந்ததைப் பார்த்த அன்று தானாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பெயர் வேண்டாம். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம்தான். எட்டு மணி ஊசியை எட்டே முக்காலுக்குப் போட்டால் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

பயிற்சி வகுப்பில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் இதுதான். சொன்னதற்கு நன்றிம்மா. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் முதல் மாத ரிப்போர்ட்டை வைத்துத் தாமதமான சிஸ்டர்களுக்கு மெமோ கொடுத்தார்கள். அடுத்த மாதம் எல்லா ஊசியும் சரியாக எட்டு மணிக்கே போட்டதாகப் பதிவானது. நிஜத்தில் எதுவும் மாறவில்லை, ஒரு சிஸ்டருக்கு இருபது நோயாளி இருந்தால் எட்டே முக்கால் ஆகத்தான் செய்யும். அந்தத் தாமதத்தைக் காட்டி இன்னொரு சிஸ்டரைக் கேட்டு வாங்கியிருக்கலாம். உங்கள் நர்சிங் சூப்பரின்டெண்டெண்டிடம், இந்தப் பதிவை வைத்து மெமோ வராது என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள்.

அடுத்த திங்கள் எங்கள் வார்டில் ஆரம்பிக்கிறார்கள். ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள் அக்கா.

நைட் ஷிஃப்டுக்கும் ஆள் போடச் சொல்லுங்கள். பகலில் ஐ.டி. தம்பிகள் நாலு பேர் சுற்றி நிற்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அட்மிஷன் வந்து பாஸ்வேர்ட் லாக் ஆனால் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும், அதை எடுக்க ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும்.