கணினி கேள்வி – பதில்: விளையாட்டுக் கணினிக்கு எதை முதலில் தெரிவது?

கேள்வி: மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். விளையாடுவதற்கேற்ற மேசைக் கணினி ஒன்று கேட்கிறான். மொனிட்டரையும் சேர்த்து மூன்று இலட்சம் ரூபா ஒதுக்கியிருக்கிறேன். யாழ் நகரில் ஒரு கடையில் தந்த விலைப்பட்டியலில் நான்காம் தலைமுறை ஐ7 புரொசஸர், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் காட், 700 வாற்று பவர் சப்ளை, நிறநிறமாய் விளக்கெரியும் கேசிங் என்று எழுதியிருக்கிறார்கள். ஐ7 என்றால் மேலானது என்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு தாய், கோப்பாய்

பதில்: வாங்க வேண்டாம், அம்மா. ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் மேல்வரிசையைக் குறிக்கும் பெயர் மட்டுமே; அது எந்த ஆண்டில் வந்தது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. நான்காம் தலைமுறை 2013இல் வெளிவந்தது. விண்டோஸ் 11ஐ மைக்ரோசொப்ட் இன்டெல் புரொசஸர்களில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்தே ஏற்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நின்றுவிட்டது. இளைஞர்கள் விரும்பி விளையாடும் வலரன்ட், விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு வசதியைக் கட்டாயமாகக் கேட்கும் என்பதால், பழைய மதர்போட்டில் (உறுப்புகளையெல்லாம் இணைக்கும் தாய்ப்பலகையில்) அந்த விளையாட்டைத் திறக்கும்போதே தடை வரக்கூடும். 1050 டிஐ கிராபிக்ஸ் காட் கூட 2016இல் வந்ததுதான். அதிலுள்ள 4 ஜிபி நினைவகம் இன்றைய பெரிய விளையாட்டுகளுக்குப் போதாது.

தெரிவை மொனிட்டரிலிருந்து தொடங்குங்கள். 1920க்கு 1080 அளவுத் திரையில் ஏறத்தாழ 21 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 2560க்கு 1440 திரையில் 37 இலட்சம். 4கே திரையில் 83 இலட்சம். ஒவ்வொரு காட்சிக்கும் இத்தனை புள்ளிகளையும் கணித்துத் தருவது கிராபிக்ஸ் காட் ஆகையால், திரையின் புள்ளிகள் பெருகப் பெருகக் கிராபிக்ஸ் காட்டுக்கான செலவும் பெருகும். மூன்று இலட்சத்துக்குள் நிற்க வேண்டுமாயின் 1080 திரையே பொருத்தம். ஆனால் 60 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 60 முறை காட்சி மாறும்) மொனிட்டரை வாங்காமல் 144 ஹேர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்டதை வாங்குங்கள். 60இல் 17 மில்லி செக்கனுக்கு ஒருமுறை மாறும் காட்சி 144இல் 7 மில்லி செக்கனுக்கு ஒருமுறை மாறும், சுடும் விளையாட்டுகளில் அந்த வேறுபாட்டை மகன் முதல் நாளே உணர்வார்.

அந்தத் திரைக்கு ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது ஆர்எக்ஸ் 6600 தரத்திலான 8 ஜிபி காட் போதும். மொத்தப் பணத்தில் மிகப் பெரிய பங்கு இதற்கே போக வேண்டும். புரொசஸராக நான் சொல்வது கோர் ஐ5 12400: ஆறு கோர் (கணிக்கும் அலகுகள்), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் பணிவரிசைகள்). இதே புரொசஸர் ‘எஃப்’ என்ற எழுத்துடன் 12400எஃப் எனவும் சற்று மலிவாகக் கிடைக்கும். அதனுள் கிராபிக்ஸ் வசதி இல்லை. கொழும்பில் இருப்பவருக்கு எஃப் வகையே இலாபம் என்பேன். இங்கோ, காட் பழுதானால் உத்தரவாதத்தின்பேரில் அதைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டி வரலாம், அந்நாட்களில் எஃப் வகைக் கணினியில் திரையே வராது. விலை வேறுபாடு சிறிதாயின் எஃப் இல்லாததையே எடுங்கள். மகன் பல்கலைக்கழகப் படிப்புக்கும் இதே கணினியைத்தான் நம்பியிருப்பார்.

மதர்போட் டிடிஆர்4 வகை ரேம் ஏற்பதாகவும், ரேமுக்கு நான்கு இடங்கள் உள்ளதாகவும் இருக்கட்டும். 16 ஜிபியை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபித் துண்டுகள் இரண்டாக வாங்குங்கள்; இரண்டு வழிகளில் தரவு ஓடுவதால் விளையாட்டின் வேகம் கண்கூடாக உயரும். செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகத்தை வாங்கிக் குவிப்பதால் 2025இன் பிற்பகுதியில் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. ஆகவே இப்போதே 32 ஜிபிக்குப் போகாமல் மீதி இரண்டு இடங்களைப் பின்னாளுக்கு விட்டுவைக்கலாம். சேமிப்புக்கு 1 டிபி கொள்ளளவுள்ள என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) ஒன்று போதும்.

இனி, விலைப்பட்டியலில் எவரும் கேள்வி கேட்காமல் விடுகின்ற பவர் சப்ளை. என்னிடம் வரும் பழுதுக் கதைகளில் மனதை வருத்துபவை இதனால் வந்தவைதான், ஏனெனில் மலிவான பவர் சப்ளை சாகும்போது மதர்போட்டையும் காட்டையும் தன்னோடு கொண்டுபோய்விடும். பெட்டியில் 700 வாற்று என்று அச்சிட்டிருப்பதை நம்பாமல், பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்ற நிரலைப் பாருங்கள். அங்கே 25 அம்பியர் என்றிருந்தால் 12ஐ 25ஆல் பெருக்குங்கள்: கிடைப்பது 300 வாற்றுத்தான், புரொசஸரும் காட்டும் உண்பதோ பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்தே. நான் சொன்ன 12400 உச்சத்தில் 117 வாற்றும் 4060 காட் 115 வாற்றும் எடுக்கும். விசிறி, எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தாலும் 300ஐத் தாண்டாது. எனவே உண்மையான 550 வாற்று தாராளம். பெயருள்ள நிறுவனத்தின் 80 பிளஸ் முத்திரை உடையதை வாங்குங்கள். அம்முத்திரை மின் வீணாகாமையை மட்டுமே உறுதிசெய்கிறது, பாதுகாப்பை அன்று. ஆதலால் மிகைமின்னோட்டம், மிகைவோல்ற்றளவு, குறுஞ்சுற்று ஆகியவற்றுக்கான காப்புகள் உண்டா என்றும் கடையில் கேளுங்கள்.

கேசிங்கில் விளக்கைப் பாராமல் முன்பக்கம் வலையாக இருக்கிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரையோ அஸ்பெஸ்டஸ் கூரையோ உள்ள அறையில் வெப்பம் ஏறும் அளவுக்குப் புரொசஸரின் வெப்பமும் ஏறும். முகப்பைக் கண்ணாடியால் மூடிய கேசிங்குக்கு அந்த வெப்பத்தை வெளியே தள்ளுவது கடினம்.

வீட்டுக்கு வந்ததும் மொனிட்டர் வயரை மதர்போட்டில் செருகாமல் கிராபிக்ஸ் காட்டில் செருக வேண்டும் என்பதை மகனிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் மின்சாரம் அடிக்கடி குறைந்து கூடுகிறது. 650 விஏ யூபிஎஸ் ஒன்று வீட்டில் உண்டு. விளையாட்டுக் கணினிக்கு அது போதுமா? கேசிங்கைத் தொட்டால் கை சுரீரென்கிறதே, அது எதனால்?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: இத்தகைய சிறிய யூபிஎஸ்களில் உண்மையான வாற்று, விஏ எண்ணின் 60 சதவீதத்தை அண்டியே இருக்கும், உங்களுடையது 390 வாற்றுக்கு மேல் தாங்காது. கணினியையும் மொனிட்டரையும் மட்டும் அதில் இணைத்து, மின்சாரம் நின்றதும் விளையாட்டைச் சேமித்து நிறுத்த அது உதவும். தொடர்ந்து விளையாட உதவாது. மின்சாரம் மாறும் கணத்தில் கணினி தானாக அணைந்துபோனால், யூபிஎஸ் தரும் மின்சாரத்தின் அலைவடிவம் பவர் சப்ளைக்கு ஒத்துவராமல் இருக்கலாம். அப்படியாயின் தூய சைன் அலை (வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை) தரும் யூபிஎஸ்தான் வேண்டும்.

கை சுரீரென்பதற்குப் பெரும்பாலும் எர்த் (நில இணைப்பு) இல்லாமையே காரணம். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடப்டரில் செருகியிருந்தால் முதலில் அதை அகற்றுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மின்னியலாளரைக் கொண்டு சொக்கெட்டின் எர்த் இணைப்பையும் ட்ரிப் சுவிட்சையும் பரிசோதிக்க வேண்டும், அதுவரை கணினியை இயக்க வேண்டாம்.

ஐப்பசி இடிமழைக்கு இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருமுறை நான் பிளக்கைக் கழற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். மின்னல் தொலைபேசிக் கம்பி வழியே ரவுட்டருக்கு வந்து, நெட்வேர்க் வயரால் கணினிக்குள் புகுந்து மதர்போட்டின் நெட்வேர்க் துளையை எரித்துவிட்டது. மழை இருட்டும்போது அந்த வயரையும் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள்.