ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது: தம்பதியரின் பனிச்சறுக்குப் பயணம் – கேள்வி பதில்

மதுரையிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் பனிச்சறுக்குக்குப் போக விரும்பும் தம்பதியர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் நாற்பத்தொன்றாம் வயதில் காஷ்மீரின் குல்மார்க்கில் சறுக்கக் கற்றுக்கொண்டேன். பத்துக் குளிர்காலங்களாக என் கணவரோடு போய் வருகிறேன். அவர் இன்றுவரை தொடக்கநிலைச் சரிவைத் தாண்டியதில்லை. ஆகவே நீங்கள் கேட்டிருப்பவற்றில் பெரும்பாலானவை எங்கள் வீட்டிலும் பேசப்பட்டவைதாம்.

கேள்வி: அக்கா, என் கணவர் ஜெர்மனியில் வேலை பார்த்த ஆறு ஆண்டுகளில் பனிச்சறுக்கு நன்றாகப் பழகிவிட்டார். நான் பனியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பொங்கல் விடுமுறையோடு சேர்த்து ஐந்து நாள் கிடைக்கும். எங்கே போகலாம்? (கே.கே. நகர் வாசகி)

பதில்: உங்கள் இருவருக்கும் குல்மார்க் பொருந்தும், ஆனால் பொங்கலும் ஐந்து நாளும் பொருந்தா.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளி. நம் கொடைக்கானலைவிட ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரம். ஊரை ஒட்டியே, ஏறக்குறைய சமதளம் போன்ற தொடக்கநிலைச் சரிவுகளும் குட்டி லிஃப்டுகளும் உள்ளன. அங்கிருந்து கோண்டோலா புறப்படுகிறது. பழனி ரோப் காரில் ஏறியவர்களுக்கு அது புதிதாக இராது; நீளமும் உயரமும்தான் வேறு. 1998-இல் தொடங்கிய முதல் கட்டம் 3,000 மீட்டருக்குச் சற்று மேலுள்ள கோங்தூரி வரை செல்கிறது. 2005-இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் 4,000 மீட்டரை நெருங்கும் உயரம் வரை ஏறுகிறது. மேலே இருப்பது இயந்திரம் வைத்துச் சமன் செய்யாத, ஆழமான புதுப்பனி. தேர்ந்தவர்கள் அதற்காகவே உலகின் பல மூலைகளிலிருந்தும் வருகிறார்கள். ஆகவே உங்கள் கணவர் மேலேயும் நீங்கள் கீழேயும் காலைப் பொழுதைக் கழித்துவிட்டு, உச்சிப் பொழுதில் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியும். தம்பதியர் இடம் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சரிவுகள் எத்தனை, ஓட்டல் எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

குல்மார்க்கின் குறை நடுத்தரச் சரிவுகள் போதாமைதான். முழுதும் புதியவருக்கும் முழுதும் தேர்ந்தவருக்கும் அங்கே இடம் உண்டு. ஓரளவு பழகி, சமன் செய்த நீண்ட சரிவில் நிதானமாக இறங்க விரும்புபவர் இரண்டு நாளில் சலித்துப்போவார். உங்கள் கணவர் பழகியது சமன் செய்த பாதைகளில் மட்டும்தானா, ஆழ்பனியிலுமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இரண்டும் வெவ்வேறு வித்தைகள்.

இனி நாள் கணக்கு. மதுரையிலிருந்து சென்னை அல்லது பெங்களூரு, பிறகு டெல்லி, பிறகு ஸ்ரீநகர் என்று மாறிப் போய்ச் சேர ஒரு நாள் முழுதும் ஆகும். குளிர்கால மூடுபனியில் விமானம் தாமதமானால் இரவாகிவிடும். மறுநாள் காலை சுமார் ஐம்பது கிலோமீட்டர் சாலைப் பயணம். பனி விழுந்திருந்தால் வழியிலுள்ள தங்மார்க்கில் இறங்கி, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டும். ஐந்து நாளில் போக்குவரத்துக்கு மூன்று போனால், உங்களுக்குக் கிடைப்பது இரண்டே நாள். புதியவருக்கு முதல் நாள் விழுவதிலும் இரண்டாம் நாள் உடம்பு வலியிலும் கழியும். மூன்றாம் நாள்தான் கால் சொன்னபடி கேட்கத் தொடங்கும். அந்த மூன்றாம் நாளைத் தவறவிடுகிற பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஏழு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலை விட்டுப் பிப்ரவரிக்கு மாற்றுங்கள். டிசம்பர் 21 முதல் ஜனவரி இறுதி வரையிலான நாற்பது நாளைக் காஷ்மீரத்தார் சில்லை கலான் என்பார்கள். குளிர் கடுமையாக இருந்தாலும் பனி விழுந்தே தீரும் என்று சொல்ல முடியாது. 2024 ஜனவரியில் குல்மார்க் புல்வெளி வறண்டு பழுப்பாகக் கிடந்தது. மாத இறுதியில்தான் பனி வந்தது. அலங்காநல்லூரையும் பாலமேட்டையும் விட்டுவிட்டுப் போய், அங்கே வெறும் புல்லைப் பார்த்துத் திரும்ப வேண்டாம்.

கேள்வி: என் கணவருக்கு நன்றாகத் தெரியும். அவரே எனக்குக் கற்றுக்கொடுத்தால் பயிற்சியாளர் செலவு மிச்சமாகுமே? (திருமங்கலம் வாசகி)

பதில்: வேண்டாம், தங்கையே. இந்தத் தவற்றை எங்கள் வீட்டில் செய்தது நான்தான்.

இரண்டாம் குளிர்காலத்தில் எனக்குச் சற்றுத் தைரியம் வந்திருந்தது. அவரை முதல் கட்ட நிலையத்துக்கு அழைத்துப்போய், நானே குனிந்து அவருடைய பூட்ஸ் கொக்கிகளை மாட்டி, "முன்னால் சாயுங்கள், முழங்காலை மடக்குங்கள்" என்று சொல்லிக்கொண்டே அவருக்கு முன்னால் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் அவர் அதே இடத்தில் நிற்கிறார். மூச்சுப் பட்டுக் கண்ணாடி முழுதும் ஆவி படிந்திருந்தது. இரு கைக்கோல்களையும் பனியில் ஊன்றி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் நின்றார். நான் கீழிருந்து கத்தினேன், அவர் மேலிருந்து கத்தினார். கடைசியில் பலகைகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, கோண்டோலாவிலேயே கீழே வந்தார். அன்று இரவு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஒரு பயிற்சியாளரிடம் விட்டேன். இளைஞர், அதிகம் பேசமாட்டார். ஒரு மணி நேரம் ஏறுவதும் நடப்பதும் மட்டும்தான். பிறகுதான் இரு பலகைகளின் நுனிகளைச் சேர்த்து, வால்களை அகற்றி, தலைகீழ் 'வி' போல் வைத்து நிற்கும் முறை. என் கணவர் அன்று மாலை தாமாகவே நின்றார். தேர்ந்தவருக்கு எது கடினம் என்பது மறந்துபோயிருக்கும். துணைவரிடம் விழுந்து காட்ட நமக்கும் கூச்சமாக இருக்கும். பதிவு பெற்ற பயிற்சியாளர்தானா என்று கேட்டு, குறைந்தது முதல் இரண்டு நாளுக்கு அமர்த்துங்கள். பயணச் செலவில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் உள்ளது. அங்கேயே தங்கிப் படிக்கும் வகுப்புகள் மிகச் சிறந்தவை. ஆனால் அவை குறுகிய விடுமுறைக்கானவை அல்ல.

கேள்வி: ஆலி, மணாலி ஆகியவை எப்படி? (தேனி வாசகர்)

பதில்: உத்தராகண்டின் ஆலியில் சரிவு சீரானது, 3,000 மீட்டர் அளவில் தொடங்கி ஏறத்தாழ 2,500 மீட்டர் வரை இறங்குகிறது. நடுநிலையில் உள்ளவருக்குக் குல்மார்க்கைவிட ஏற்றது என்றே சொல்வேன். ஆனால் டேராடூன் விமான நிலையத்திலிருந்து மலைச் சாலையில் ஒரு முழு நாள் ஆகும். 2023 ஜனவரியில் அடிவார ஊரான ஜோஷிமட்டில் நிலம் புதைந்தபோது அங்கிருந்து ஆலிக்குச் செல்லும் ரோப்வே நிறுத்தப்பட்டதையும் மனத்தில் வைத்து, போகும் ஆண்டின் நிலவரத்தை உறுதி செய்துகொண்டு புறப்படுங்கள். மணாலியை அடுத்த சோலாங் பள்ளத்தாக்கில் பலகை மாட்டி நின்று பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். தேர்ந்தவருக்கு அங்கே வேலை குறைவு.

கேள்வி: வெளிநாடு என்றால் சுவிட்சர்லாந்துதானா? எனக்கு நடுத்தரமாகத் தெரியும், மனைவி புதியவர். (சிம்மக்கல் வாசகர்)

பதில்: ஆல்ப்ஸ் மலையில் சரிவுகளுக்கு நிறம் தீட்டியிருப்பார்கள்: நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். உங்களைப் போன்ற இணைக்கு அதைவிட வசதி கிடையாது. நீலமும் சிவப்பும் ஒரே லிஃப்ட் உச்சியில் பிரிந்து, ஒரே அடிவாரத்தில் சேரும் ஊர்கள் நிறைய உண்டு. ஆனால் ஷெங்கன் விசாவும் செலவும் தூரமும் அதைக் குறுகிய பயணமாக விடுவதில்லை. பத்து நாள் இருந்தால் போங்கள்.

ஒரு வாரம்தான் என்றால், கஜகஸ்தானின் அல்மாட்டியை எண்ணிப் பாருங்கள். டெல்லியிலிருந்து நான்கு மணி நேர அளவில் விமானம் போய்விடும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் தங்க 2022 முதல் அந்நாடு அனுமதித்துள்ளது. பயணச்சீட்டு எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நகரிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டரில் ஷிம்புலாக் உள்ளது. மெடெயு என்னும் இடத்திலிருந்து கோண்டோலாவில் 2,260 மீட்டர் உயரத்து அடிவாரத்துக்கு ஏறினால், அங்கேயே புதியவர்களுக்கான சரிவு இருக்கிறது; உங்களுக்கு மேலே 3,200 மீட்டர் அளவிலுள்ள தல்கர் கணவாய் வரை லிஃப்ட் உண்டு. எந்தப் பாதையில் இறங்கினாலும் மனைவி பழகும் அதே அடிவாரத்துக்குத்தான் வந்து சேர்வீர்கள். இரவில் நகரத்தில் தங்கலாம் என்பதால், ஒருவருக்கு அலுப்பாகிவிட்டால் கடைவீதிக்குப் போகவும் வழியுண்டு.

கேள்வி: எங்களுக்கு 58, 55 வயது. மகனும் மருமகளும் சறுக்கப் போகிறார்கள். மனைவிக்கு மூட்டு வலி. நாங்கள் உடன் போய் என்ன செய்வது? (மேலூர் வாசகர்)

பதில்: தாராளமாகப் போங்கள், ஐயா. குல்மார்க்கில் முதல் கட்டக் கோண்டோலாவில் ஏறி இறங்குங்கள், இறுகிய பாதையில் நடங்கள், வெயிலில் உட்காருங்கள். அல்மாட்டிக்குப் போவதானால், மெடெயுவில் புகழ்பெற்ற பனித்தளச் சறுக்கு அரங்கம் இருக்கிறது, பார்த்துக்கொண்டிருப்பதே பொழுதுபோக்கு. குல்மார்க்கில் இரண்டாம் கட்டத்துக்கு அவசரப்பட வேண்டாம். மதுரையில் கிளம்பிய மறுநாளே 4,000 மீட்டர் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரலாம். இதய நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே ஏறுங்கள்.

கேள்வி: உடைகளை மதுரையிலேயே வாங்கிவிடலாமா? (உசிலம்பட்டி வாசகி)

பதில்: மேலங்கி, கால்சட்டை, பூட்ஸ், பலகை, தலைக்கவசம் ஆகியவற்றை அங்கே வாடகைக்கு எடுங்கள். இங்கிருந்து கொண்டுபோக வேண்டியவை உள்ளாடைகளும் காலுறைகளும். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டு நடுங்க வைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழையில் வாங்குங்கள். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதீர்கள். இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் மரத்துப்போகும். முழங்கால் வரை வரும் மெல்லிய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி போதும்.

வெயிலை நாம் அறிவோம் என்று எண்ணாதீர்கள். ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது. புதுப்பனி அதில் எண்பது விழுக்காடு வரை திருப்பியடிக்கிறது. முகவாய்க்குக் கீழும் மூக்கின் அடியிலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு மணி நேரம்கூட நிற்க வேண்டாம்.

இன்னொன்று. வாடகைக் கடையில் எடையைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பைண்டிங் எனும் பூட்டு, நாம் விழும்போது தானாக விடுபட வேண்டும். அதன் இறுக்கத்தை எடை, உயரம், வயது, திறமை ஆகியவற்றைக் கொண்டுதான் அமைக்கிறார்கள். வெட்கப்பட்டு எட்டுக் கிலோ குறைத்துச் சொன்னால் தேவையில்லாத நேரத்தில் கழன்றுகொள்ளும். தேர்ந்தவர் என்று கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்காலைத் திருகிவிடும்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா? (காரைக்குடி வாசகி)

பதில்: குல்மார்க்கில் கிடைக்கும், ராஜ்மாவும் சாதமும் எங்கும் உண்டு. அல்மாட்டியில் இறைச்சிதான் மிகுதி என்பதால், இட்லிப் பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் மனைவிதான் தேர்ந்தவர். நான் கீழே வகுப்பில் இருக்கும்போது அவர் தனியாக அஃபர்வட் போகலாமா? காப்பீடு போதுமா? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: தனியாகப் போகக் கூடாது. 2024 பிப்ரவரியில் குல்மார்க்கின் மேற்சரிவில், பனி திரளாகப் பெயர்ந்து விழும் பனிச்சரிவில் சிக்கி, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் உயிரிழந்தார். புதைந்தவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால்மணி நேரத்துக்குப் பிறகு வேகமாகக் குறைகிறது. எனவே இருக்குமிடத்தைக் காட்டும் பீக்கன், குத்தித் தேடும் நீண்ட கோல், பனி அள்ளும் மண்வெட்டி ஆகிய மூன்றும் உடன் வருபவரிடமும் இருக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டியை உங்கள் மனைவிக்கென அமர்த்துங்கள். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்த பிறகே கோண்டோலாவில் ஏறட்டும். சாதாரணப் பயணக் காப்பீடு பல வேளைகளில் பனிச்சறுக்கை ஏற்பதில்லை; ஏற்றாலும், குறியிட்ட பாதைக்கு வெளியே நடந்தவற்றை விலக்கிவிடும். அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: பகலில் இருவரும் பிரிந்திருந்தால் எப்படித் தொடர்பு கொள்வது? (திண்டுக்கல் வாசகி)

பதில்: நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் குளிரில் பேட்டரி மளமளவென இறங்கிவிடும் என்பதால், தொலைபேசியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். எதற்கும் காலையிலேயே இடத்தையும் நேரத்தையும் பேசி வைத்துவிடுங்கள். எங்களுடையது பகல் பன்னிரண்டரை, கோண்டோலா அடிவாரத்தின் இடப்பக்கத்துத் தேநீர்க் கடை. முதலில் வருபவர் குங்குமப்பூப் போட்ட காவா எனும் காஷ்மீரத் தேநீர் இரண்டு சொல்லிவைக்க வேண்டும். பெரும்பாலும் என் கணவர்தான் முதலில் வந்திருப்பார். நான் பலகைகளைக் கழற்றுவதற்குள் என் கோப்பையின் மேல் தம் கையுறையை மூடி வைத்திருப்பார்.