ஆபிரகாமிய மதங்களில் எது மூத்தது? விவாத நடுவருக்குச் சில கணக்குகள்

கேள்வி: எங்கள் கல்லூரி விவாத மன்றத்தில் 'யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம்: எது மூத்தது?' என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். நான்தான் நடுவர். ஒத்திகையிலேயே ஓர் அணி 5,786 ஆண்டு என்கிறது. இன்னோர் அணி ஆதாமிலிருந்தே தொடங்குகிறது. எந்த ஆண்டை ஏற்பது, எதைத் தள்ளுவது?

பதில்: தலைப்பை இப்படியே மேடையேற்றினால் பத்தாவது நிமிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வோர் அணியும் வேறு வேறு விஷயத்தை அளக்கிறது. ஒரு மதம் தன் தொடக்கம் என்று தானே சொல்லிக்கொள்ளும் காலம் ஒன்று. அதன் தடயம் கல்லிலோ சுவடியிலோ முதலில் கிடைக்கும் காலம் ஒன்று. இன்று நாம் காணும் வடிவில் தனி மதமாகப் பிரிந்து நின்ற காலம் மற்றொன்று. இரண்டாவதை முதல் சுற்றுக்கும், மூன்றாவதை மறுப்புச் சுற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதை மேடையில் விடவே வேண்டாம்.

விட்டால் யாரும் ஜெயிக்க முடியாது. ஆபிரகாமுக்கு உரிமை கொண்டாடும் சண்டை அந்தந்த மத நூல்களுக்குள்ளேயே நடக்கிறது. நியாயப்பிரமாணம் (மோசே வழியாக வந்த யூதச் சட்டம்) வந்தது ஆபிரகாமுக்குத் தந்த வாக்குறுதிக்கு 430 ஆண்டு கழித்துத்தான் என்று கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் (3:17) தொடக்ககாலக் கிறிஸ்தவப் போதகரான பவுல் வாதிடுகிறார். தவ்ராத்தும் (மோசேயின் வேதமான தோரா) இன்ஜீலும் (நற்செய்தி) இப்ராஹீமுக்குப் (ஆபிரகாமுக்குப்) பிறகே அருளப்பட்டிருக்க, அவரைப் பற்றி ஏன் தர்க்கம் செய்கிறீர்கள் என்று குர்ஆன் (3:65) கேட்கிறது. தோரா அருளப்படும் முன்பே ஆபிரகாம் அதை முழுதாகக் கடைப்பிடித்தார் என்ற கருத்து யூதச் சட்ட விளக்க நூலான தல்மூதின் யோமா பகுதியில் இருக்கிறது. அவரவர் நூலை அவரவர் காட்டினால் மூன்றுக்கும் முதலிடம்தான். ஆபிரகாமின் காலத்திலேயே அவரைக் குறிப்பிட்டு எழுதிய கல்வெட்டோ களிமண் பலகையோ கிடைக்காததால், நடுவர் உரசிப் பார்க்க வெளிச்சான்றும் இல்லை.

அந்த 5,786 மதத்தின் வயதல்ல. யூத நாட்காட்டி உலகப் படைப்பிலிருந்து ஆண்டை எண்ணுகிறது. 2025 செப்டம்பரில் தொடங்கிய ஆண்டுக்குத்தான் அந்த எண். யூத ஆண்டிலிருந்து 3,760ஐக் கழித்தால் கி.பி. ஆண்டு வரும், யூதப் புத்தாண்டிலிருந்து டிசம்பர் முடிய மட்டும் 3,761ஐக் கழிக்க வேண்டும். இதை வயதாகக் காட்டும் அணிக்குத் தயங்காமல் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

இனி தடயங்கள். யூத அணி முதலில் எடுப்பது எகிப்தின் தீப்ஸ் நகரில் 1896இல் கிடைத்த மெர்னெப்தா கல்வெட்டாகத்தான் இருக்கும். ஏறத்தாழ கி.மு. 1208ஐச் சேர்ந்தது. அதில் 'இஸ்ரவேல்' என்ற மக்கள் கூட்டத்தின் பெயர் வருகிறது. ஆனால் அந்த மக்கள் யாரை வணங்கினார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இனத்துக்கான சான்றை மதத்துக்கான சான்றாக நீட்டுவது இந்த விவாதத்தில் வழக்கமாக நடக்கும் பிழை. யாவே என்ற இஸ்ரவேலரின் கடவுளின் பெயர் ஐயத்துக்கு இடமில்லாமல் வருவது இஸ்ரவேலின் அண்டை நாடான மோவாபின் அரசன் மேசாவின் கல்லில், கி.மு. 840 வாக்கில். அதற்குச் சற்றுப் பின், சீனாய்ப் பகுதியின் குந்திலத் அஜ்ருதில் கிடைத்த எழுத்துகளில் யாவேயின் பெயரோடு அஷேராவின் பெயரும் சேர்ந்தே வருகிறது. அஷேரா என்பது பெண் தெய்வமா, வெறும் வழிபாட்டுச் சின்னமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஓரிறைக் கொள்கை அன்று முழுமை பெறவில்லை என்று வாதிட எதிரணிக்கு இது போதும்.

யூத அணி காலூன்றி நிற்கக்கூடிய இடம் இரண்டு. ஒன்று, எருசலேமை ஒட்டிய கெதஃப் ஹின்னோம் கல்லறையில் 1979இல் கிடைத்த வெள்ளிச் சுருள்கள். இரண்டில் பெரியதை விரித்தாலும் பத்து சென்டிமீட்டர் நீளம் வராது. எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்து ஆசீர்வாத வரிகள் அதில் கீறப்பட்டிருக்கின்றன. காலம் கி.மு. 600 வாக்கு. மற்றொன்று, நைல் நதித் தீவான எலிபன்டைனில் பாரசீகப் படையில் இருந்த யூதர்களுக்குக் கி.மு. 419இல் வந்த ஒரு கடிதம். யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 15 முதல் 21 வரை புளித்ததைத் தவிர்ப்பது பற்றி அது பேசுகிறது. இன்றைய பஸ்கா பண்டிகையின் நாட்களும் இவைதான். அந்தத் தீவின் ஆவணங்களில் மோசேயின் பெயர் வருவதில்லை என்பதையும், எருசலேமில் ஆலயம் இருக்க அவர்கள் அங்கே தனிக் கோயில் வைத்திருந்தார்கள் என்பதையும் எதிரணி சொன்னால் அதற்கும் மதிப்பெண் உண்டு. கி.மு. 5ஆம் நூற்றாண்டு என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். மோசே காலம் என்றால் ஆதாரம் கேளுங்கள்.

கிறிஸ்தவத்துக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. இயேசுவைச் சிலுவையில் அறைய உத்தரவிட்ட ரோம ஆளுநர் பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. பவுலின் மிகப் பழைய கடிதம் 50ஆம் ஆண்டை ஒட்டியது. ரோமானியர்களான பிளினியும் தாசிதுவும் 112, 116 வாக்கில் கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். கவனம் வேண்டியது மான்செஸ்டரில் இருக்கும் ரைலண்ட்ஸ் பாப்பிரஸ் துண்டில்தான். விசிட்டிங் கார்டு அளவுதான் இருக்கும். யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகார வரிகள் சில அதில் உள்ளன. 'கி.பி. 125' என்று அடித்துச் சொல்வார்கள். அது கையெழுத்தின் பாணியை மட்டும் வைத்துப் போட்ட தேதி. கையெழுத்துக் கணிப்பில் ஐம்பது, நூறு ஆண்டு முன்னே பின்னே போவது சாதாரணம். '2ஆம் நூற்றாண்டு வாக்கில்' என்பதே பாதுகாப்பு.

இஸ்லாத்தின் தொடக்கத்துக்குக் கையில் பிடிக்கக்கூடிய ஓர் ஆவணம் வியன்னாவில் இருக்கிறது. எகிப்தில் படைக்காக வாங்கிய 65 ஆடுகளுக்குக் கொடுத்த ரசீது அது. கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதி, 'பிஸ்மில்லாஹ்' என்று தொடங்கி, 22ஆம் ஆண்டு என்று தேதியிட்டிருக்கிறார்கள். ஹிஜ்ரி கணக்கில் அது கி.பி. 643. நபிகள் நாயகம் மறைந்து பதினோரு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆட்டு ரசீதில் மதத்துக்காக யாரும் பொய்த் தேதி போட மாட்டார்கள் என்பதால் இதற்கு எடை அதிகம். பர்மிங்காம் குர்ஆன் ஏடுகளை எடுத்தால் எச்சரிக்கை தேவை. கார்பன் டேட்டிங் 568 முதல் 645 வரை காட்டியது. அது தோலுக்குரிய விலங்கு இறந்த காலம், மை தொட்ட காலம் அல்ல. 568ஐ மட்டும் பிடித்துக்கொண்டு 'நபிக்கு முன்பே குர்ஆன்' என்று வாதிடுவது செல்லாது. 645ஐ மட்டும் பிடித்துக்கொள்வதும் அப்படியே.

இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு கி.பி. 622இலிருந்து எண்ணப்படுகிறது, ஆனால் அதோடு 622ஐ அப்படியே கூட்டினால் தப்பாகும். சந்திர ஆண்டுக்கு 354 நாட்கள்தான். ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். ஹிஜ்ரி 72க்கு 691.8 வரும், வெறுமனே கூட்டினால் 694 என்று பிசகும். கி.மு.விலிருந்து கி.பி.க்குக் கடக்கும்போது ஒன்றைக் கழிக்கவும் மறக்காதீர்கள், பூஜ்ய ஆண்டு கிடையாது. கி.மு. 419இலிருந்து கி.பி. 622 வரை 1,040 ஆண்டுகள்.

மறுப்புச் சுற்றில் கிறிஸ்தவ அணியின் கை ஓங்கும். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்த பிறகு, ரபிகள் எனும் யூத அறிஞர்களின் வழிகாட்டலில் உருவானதே இன்றைய யூதம். அதன் அடிப்படை நூலான மிஷ்னா தொகுக்கப்பட்டது 200 வாக்கில். அந்த வகையில் இரண்டும் ஒரே வீட்டில் பிறந்த உடன்பிறப்புகள் என்பது வலுவான வாதம். ஓய்வுநாள், விருத்தசேதனம், பஸ்கா ஆகியவை அதற்கு வெகு முன்பே இருந்தன என்று யூத அணி திருப்பியடிக்கலாம். இஸ்லாமிய அணிக்கு எருசலேமில் ஹிஜ்ரி 72இல் எழுந்த குப்பத்துஸ் ஸக்ராவின் (பாறைக் குவிமாடம்) உட்சுவர் எழுத்துகள் உதவும். அவை இயேசுவை இறைத்தூதர் என்று சொல்லி, 'மூன்று என்று சொல்லாதீர்கள்' (திரித்துவத்தை மறுத்து) என்று வேதக்காரர்களை நோக்கி நேரடியாகப் பேசுகின்றன. தனி மதம் என்ற அறிவிப்புக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பழையது, ஆகவே உண்மை என்று யாராவது தாவினால் அங்கேயே மணி அடியுங்கள். தலைப்பு வயதைப் பற்றியது.

பார்வையாளர் பக்கத்திலிருந்து பண்டைய இஸ்ரவேலின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் சமாரியர்களைப் பற்றிக் கேள்வி வரலாம். இன்று ஆயிரத்துக்கும் குறைவானவர்கள். தங்களுக்கென்று தனித் தோரா உண்டு. கெரிசீம் மலையில் அவர்கள் கோயில் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே இருந்ததை அகழாய்வு காட்டுகிறது. மூல வழி தங்களுடையது, எருசலேம்காரர்கள்தான் விலகிப் போனவர்கள் என்பது அவர்கள் கட்சி. இதை முன்கூட்டியே யூத அணியின் காதில் போட்டுவைப்பது நடுவரின் வேலையல்ல.