முட்டைக்குக் கால் இல்லை

வணக்கம் சார்,

இங்கிலாந்தின் போர்ன்மவுத்துக்குக் குடிவந்து மூன்று வருடமாகிறது. கடற்கரை மேட்டில் நடக்கப் போகும்போது கற்சுவரில் பச்சை முதுகுப் பல்லிகள் வெயில் காய்வதைப் பார்க்கிறேன். இத்தாலியிலிருந்து யாரோ கொண்டுவந்து விட்டதன் வம்சம் என்கிறார் பக்கத்து வீட்டுத் தாத்தா. எனக்கே ஜூன் மாதம் ஸ்வெட்டர் வேண்டியிருக்கிறது. குளிர்ரத்தப் பிராணி எப்படித் தாக்குப்பிடிக்கிறது? தோல் தடித்துவிட்டதா? நம்மூர் ஓணானைக் கொண்டுவந்து விட்டாலும் தேறிவிடுமா?

ர.

அன்புள்ள ர.,

தாத்தா சொன்னது சரிதான். ஆனால் விஷயம் தோலில் இல்லை, முட்டையில் இருக்கிறது.

நீங்கள் பார்ப்பது சுவர்ப்பல்லி. வளர்ந்த சுவர்ப்பல்லிக்கு இங்கிலாந்து பெரிய கஷ்டமில்லை. வெயில் வந்தால் சூடேறிய கல்லில் வயிற்றை ஒட்டி, விலாவை அகட்டிப் படுத்துக்கொள்ளும். மேகம் மூடினால் இடுக்குக்குள் போய்விடும். குளிர்காலத்தில் முடங்கிக் கிடப்பது அதற்குச் சொந்த ஊரிலேயே உள்ள பழக்கம். பாவம், முட்டைக்குத்தான் கால் இல்லை. புதைத்த இடத்து மண் என்ன சூடோ, அதுதான் அதற்கு. இங்கிலாந்து மண்ணில் அந்தச் சூடு போதாமல் பொரிப்பது தள்ளிப்போகிறது. இலையுதிர்காலத்தில் வெளியே வரும் குஞ்சு எப்போது தின்று, எப்போது தேறுவது?

ஜெஃப்ரி வைல், டோபியாஸ் உல்லர் குழுவினர் 2015இல் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் குடியேறிய பல்லிகளையும் தெற்கு ஐரோப்பாவின் பூர்வீகப் பல்லிகளையும் ஒரேமாதிரிச் சூழலில் வைத்து ஒப்பிட்டார்கள். இங்கிலாந்துத் தாய்கள் முட்டையைக் கூடுதல் நாள் வயிற்றிலேயே வைத்திருந்து, கரு ஓரளவு வளர்ந்தபிறகே இட்டன. அந்தக் கருக்களும் குறைந்த சூட்டில் வேகமாக வளர்ந்தன. இரண்டும் சேர்ந்தால், இங்கிலாந்து மண்ணில் ஒரு வாரத்திலிருந்து சில வாரங்கள் வரை முன்னதாகப் பொரியும் என்பது அவர்கள் கணக்கு.

எந்தப் பல்லியும் யோசித்து இதைச் செய்யவில்லை. தாமதமாகப் பொரிந்தவற்றில் நிறைய குளிர்காலத்தைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. இங்கிலாந்துக்கு வந்தவை எல்லாம் ஒரே வம்சம் அல்ல. தனித்தனியாக வந்த இரண்டு வம்சங்கள், சில பத்தாண்டுகளுக்குள், ஒரே வழிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்று மட்டும் மாறியிருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம்.

பிரிட்டனின் பூர்வீகப் பல்லி ஒன்று இதே வழியில் கடைசிவரை போய்விட்டது. அது முட்டையைப் புதைப்பதே இல்லை, குஞ்சாகவே ஈன்றுவிடுகிறது. தாய் வெயில் காய்ந்தால் வயிற்றிலிருப்பதும் காயும்.

வளர்ந்த பல்லியே மாறியதற்கும் உதாரணம் உண்டு. வெப்பமண்டலத் தீவான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அமெரிக்காவின் மயாமிக்குப் போன அனோல் பல்லிகளைக் குளிரவைத்து, மல்லாக்கப் போட்டு, எந்தச் சூடுவரை புரண்டு எழுகின்றன என்று பார்த்தார்கள். மயாமிப் பல்லிகள் சுமார் 3 டிகிரி கூடுதல் குளிரைத் தாங்கின. ஏறத்தாழ 35 தலைமுறைக்குள்!

அப்புறம், நம்மூர் ஓணான். எனக்கு நம்பிக்கையில்லை. மாற்றம் வர வேண்டுமானால் முதல் குளிர்காலத்தைச் சிலவாவது தாண்ட வேண்டும். சுவர்ப்பல்லிக்கு அந்த முன்பழக்கம் இருந்தது. சமவெளியில் வெயிலுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த ஓணானுக்கு ஏது?

அந்தச் சுவர்ப் பக்கம் தொடர்ந்து நடக்கிறீர்களே, ஒரு உதவி. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சு இந்த வருடம் முதலில் கண்ணில் படும் தேதியைக் குறித்து அனுப்புங்கள்.