புற்றரையில் வெண்புழு: கிளிநொச்சி அன்பருக்குப் பதில்

வணக்கம் ஐயா. தங்கள் முற்றத்துப் புற்றரை திட்டுத் திட்டாகப் பழுப்பேறுவதாகவும், தண்ணீர் எவ்வளவு விட்டும் மீளவில்லை என்றும், காலையில் காகங்களும் மைனாக்களும் அதைக் கிளறுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கிளறல்தான், மண்ணுக்குள் புல்வேரைத் தின்னும் வெண்புழுவுக்கு, அதாவது வண்டின் இளம் புழுவுக்கு, முக்கியமான அடையாளமாக எனக்குப் படுகிறது.

பச்சையும் பழுப்பும் சந்திக்கும் ஓரத்தில் புல்லைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். வேர் தின்னப்பட்டிருந்தால் அது பாய் சுருட்டுவதுபோல் எழும்பி வரும். அவ்விடத்தில் 1 சதுர அடியை 3 அங்குல ஆழத்துக்கு வெட்டிப் புரட்டினால், கபில நிறத் தலையும் ஆறு கால்களும் கொண்ட வெண்புழுக்கள் வளைந்து சுருண்டு கிடப்பதைக் காணலாம். நாலைந்துக்குள் இருந்தால் மருந்து வேண்டாம், திடமான புல் அதனைத் தாங்கும். பத்தைத் தாண்டினால் தாமதிக்காதீர்கள். சிறிய முற்றமென்றால் மண்ணைக் கிளறிக் கையால் பொறுக்கி, சவர்க்காரத் தண்ணீரில் போடுவதே நல்லது. கோழிகளும் இதில் பெரிதும் உதவும்.

உக்காத மாட்டெருவைப் புல்லின்மேல் பரப்பாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் வண்டுகள் முட்டையிட அதனை நாடி வரும். மாரியின் முதல் மழைகளுக்குப் பின் வண்டுகள் விளக்கைத் தேடி வரும் நாட்களில் முற்றத்து வெளிச்சத்தை அணைத்து வையுங்கள்.

மருந்து தேவைப்பட்டால், பிடித்த புழுக்களை ஒரு போத்தலில் இட்டுக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுசென்று விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். முற்றிய புழுவுக்கு மருந்து எளிதில் வேலை செய்யாது. இளம் பருவத்தில், மண் ஈரமாக இருக்கும்போது இட்டு, பின்னர் தண்ணீர் விட்டால்தான் அது வேர்வரை இறங்கும்.