மூசைக்குத் தப்பிய காசும் மூசைக்குப் போன பானையும்

‘பழங்காசுகளைத் தனி ஆட்கள் சேர்த்து வைப்பது சரியா, எல்லாம் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்விட வேண்டுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேலூர்க்காரன், இருபது ஆண்டுகளாக ஆற்காட்டு ரூபாய் என்ற பழைய வெள்ளிக்காசு சேர்ப்பவன். என் பதில் ஒரு பக்கமாகச் சாயத்தான் செய்யும்.

முதல் காசு லாங்கு பஜாரில் ஒரு பத்தரின் பட்டறையில் கிடைத்தது. கொலுசுக்காக உருக்க வைத்திருந்த பழைய வெள்ளியோடு மூசைக்கு, அதாவது உலோகம் உருக்கும் குப்பிக்கு, பக்கத்தில் கிடந்தது. எடைக்கு என்ன விலையோ அதைக் கொடுத்து வாங்கிவந்தேன். பாரசீக எழுத்து, அதனிடையே சின்னதாக ஒரு தாமரை. பெயர்தான் ஆற்காட்டு ரூபாய். அடித்தது சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி. அதற்கு அந்தத் தாமரைதான் சாட்சி. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்த ஆற்காட்டு ரூபாயில் பிறை இருக்கும். இதையெல்லாம் பின்னால்தான் கற்றுக்கொண்டேன். அன்று நான் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கற்றுக்கொள்ளக் காசே இருந்திருக்காது.

இனி எனக்கு எதிரான கதை. பாலாற்றங்கரையில் என் தாய்மாமன் ஊர். அங்கே ஒரு கிணற்றைத் தூர்வாரி ஆழப்படுத்தியபோது பானை நிறையச் செப்புக்காசு கிடைத்தது. வெட்டிய ஆட்களும் நிலத்துக்காரரும் பங்கு போட்டுக்கொண்டு பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். எனக்குத் தகவல் எட்டுவதற்குள் பதினொரு காசுதான் மிச்சம். பெரும்பாலானவை ராஜராஜன் பெயர் பொறித்த, ஒருபுறம் நிற்கும் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் உள்ள காசுகள். அந்த வகை ஒன்றும் அரிதல்ல. ஆனால் ஒரு பானை எப்போது புதைக்கப்பட்டது என்பதை அதிலுள்ள ஆகப் பிந்திய காசுதான் சொல்லும். அந்தக் காசு கடைக்குப் போன மூட்டையில் இருந்திருந்தால்? பானையையோ உடைத்தே போட்டுவிட்டார்கள்.

ஏன் யாரும் அதிகாரிகளிடம் சொல்லவில்லை? 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்; மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுத்தால் போதும். செம்புக்கு அது எவ்வளவு வரும்? கூலிக்கு மண் சுமப்பவர் அதற்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடக்கமாட்டார். சட்டம்தான் அவரைப் பாத்திரக் கடைக்கு அனுப்புகிறது என்பேன். பொதுச்சொத்து என்று முழங்குகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைத் திருத்தட்டும்.

தனியார் சேகரிப்பைத் திருட்டு என்று ஒரே சொல்லில் தள்ளுபவர்களுக்கு: சங்ககால மன்னர்கள் காசு வெளியிட்டார்களா என்றே சந்தேகம் இருந்த காலத்தில், தமிழ் பிராமி என்ற பழந்தமிழ் எழுத்தில் ‘பெருவழுதி’ என்று பொறித்த பாண்டியர் காசை 1980களில் கண்டறிந்து சொன்னவர் ஆர். கிருஷ்ணமூர்த்தி. அவர் அருங்காட்சியக அதிகாரி அல்லர். பத்திரிகை ஆசிரியர், சொந்தக் காசில் சேர்த்தவர். சேர்த்ததோடு நிற்காமல் படித்து அச்சிட்டார் என்பதுதான் வேறுபாடு. இரும்புப் பெட்டியில் பூட்டி, விலை ஏறக் காத்திருப்பவரை அவரோடு சேர்க்கமாட்டேன். அதேபோல, ஓர் அருங்காட்சியகத்தில் காசுகளைப் பார்க்க மூன்று முறை போய், சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார் என்று மூன்று முறையும் திரும்பியிருக்கிறேன். அதுவும் பூட்டிய பெட்டிதானே?

சிலை, இறந்த வீரர் நினைவாக நட்ட நடுகல் விஷயத்தில் எனக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. அவை வீட்டு வரவேற்பறைக்கு உரியவை அல்ல. பழைய வட ஆற்காட்டில் சேர்ந்திருந்த செங்கம் பக்கம் பல நடுகற்கள் இன்றும் வேடியப்பன் என்ற ஊர்த்தெய்வமாகப் பூசை பெற்று, நட்ட இடத்திலேயே நிற்கின்றன. அவற்றை ஆயிரம் ஆண்டுக்கு மேல் காத்தது அரசும் அல்ல, சேகரிப்பாளரும் அல்ல. ஊர்.

நான் செய்வது இவ்வளவுதான். ஒவ்வொரு காசையும் தனி உறையில் போட்டு, எந்த ஊர், எந்த நிலம், யார் கொடுத்தார், கூட என்ன கிடைத்தது என்று எழுதி வைக்கிறேன். எனக்குப் பிறகு எல்லாம் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாமரை ரூபாயின் உறையில் மட்டும் ‘லாங்கு பஜார்’ என்பதற்கு மேல் எழுத முடியவில்லை. யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று பத்தரிடம் கேட்டேன். அவர் எடையைத்தான் குறித்து வைத்திருந்தார்.